முதலில் ஆளைப் படியுங்கள்

இசை, நாட்டியம், நாடகம், சினிமா, சிற்பம், ஓவியம்: எந்த நூல்கள், எந்த வரிசையில்

கோபாலகிருஷ்ண பாரதியார் தம்முடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பாட்டுகளில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்பது பிள்ளையின் குறை. நாளைக்கு, மறுநாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு நாள் பிள்ளை பகல் தூக்கத்தில் இருந்தார். அவர் எழட்டும் என்று திண்ணையில் காத்திருந்த பாரதியார், தம் பாட்டுகளைத் தமக்குள் பாடத் தொடங்கிவிட்டார். உள்ளே விழித்துக்கொண்ட பிள்ளை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். மனம் கரைந்து வெளியே வந்தார். பாயிரமும் எழுதிக் கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் 'கோபாலகிருஷ்ண பாரதியார்' என்னும் சிறு நூலில் சொல்லும் செய்தி இது.

கலைநூல்களை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களை அந்தத் திண்ணைக்குத்தான் நான் அனுப்புவது வழக்கம். காகிதத்தில் பார்த்தபோது பிழையாகத் தெரிந்தது, காதில் விழுந்தபோது உயிராகத் தெரிந்தது. கலையைப் பற்றிய எந்தப் புத்தகத்துக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. அது பேசும் பொருள் அதற்குள் இல்லை, வேறெங்கோ மேடையிலோ கல்லிலோ திரையிலோ இருக்கிறது. இலக்கண நூலை முதலில் எடுப்பவர் அந்த மேடையைப் பார்க்காமலே அதன் அளவுகளை மனப்பாடம் செய்கிறார். சீக்கிரம் அலுத்துப்போகிறது. புத்தகம் பரணுக்குப் போகிறது.

எனக்கும் அதுதான் நடந்தது. கல்லூரி நாட்களில் நூலகத்திலிருந்து ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகர'த்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். சுருதிக் கணக்குப் பட்டியல்களில் தட்டுத்தடுமாறி, தவணை முடிவதற்குள் திருப்பிக் கொடுத்தேன். பல வருடம் கழித்து, பண்டிதர் யார், ஏன் இப்படி ஒரு நூலுக்காகத் தன் சம்பாத்தியத்தைக் கொட்டினார் என்று தெரிந்த பிறகு அதே புத்தகத்தை எடுத்தேன். அப்போது அந்தப் பட்டியல்கள் ஒரு மனிதர் யாரோடோ விடாமல் வாதாடிக்கொண்டிருப்பதாகக் கேட்டன. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் வரிசை அங்கிருந்து வந்தது: முதலில் ஆள், பிறகு அவர் தொழில், கடைசியில் இலக்கணம்.

இசை

சாமிநாதையரிடமே தொடங்குங்கள். 'கனம் கிருஷ்ணையர்', 'கோபாலகிருஷ்ண பாரதியார்', 'மஹா வைத்தியநாதையர்' என்று மூன்று சிறு வரலாறுகளை 1936இல் அவர் எழுதினார். மூன்றையும் சேர்த்து 'சங்கீத மும்மணிகள்' என்ற பெயரிலும் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரே மாலையில் முடித்துவிடக்கூடியது. சங்கீதக்காரர் எதைச் சாப்பிட்டார், யார் ஆதரித்தார், எந்த ஜமீனில் சம்பளம் நின்றது, எந்தப் பாட்டு எந்தக் கோபத்தில் பிறந்தது என்பதெல்லாம் இவற்றில் வருகிறது. அப்படியே 'என் சரித்திர'த்தில் அவருடைய மாயூர நாட்களையும் படித்துவிடுங்கள். அவருடைய தந்தை கனம் கிருஷ்ணையரின் சீடர், சங்கீதமே பிழைப்பு. மகனோ பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கி, பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் அழுந்தாது என்பது பிள்ளையின் எண்ணம். சங்க நூல்கள் நமக்கு அச்சில் கிடைத்ததற்குப் பின்னால் இப்படி ஓர் இழப்பும் இருக்கிறது என்பதை நான் அந்தப் பக்கங்களில்தான் உணர்ந்தேன்.

அடுத்ததாக பி.எம். சுந்தரம். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன். அவருடைய 'மங்கல இசை மன்னர்கள்' நாதஸ்வர, தவில் கலைஞர்களின் வாழ்க்கைத் தொகுப்பு. இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்க முயலாதீர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒரு மணி நேரம் கேளுங்கள், பிறகு அவர் பகுதியைப் படியுங்கள். அங்கே குறிப்பிடப்படும் தவில்காரரின் பகுதிக்குப் போங்கள். இப்படி ஒருவரிடமிருந்து ஒருவரிடம் தாவினால், காவிரிக் கரையில் ஒரு காலத்தில் எத்தனை ஊர்களில் எத்தனை வீடுகளில் நாதஸ்வரச் சீவாளி ஈரமாக இருந்தது என்பது மெல்லப் பிடிபடும். சபாக்களின் வரலாற்றை மட்டும் படித்தவர்களுக்கு இந்த உலகம் தெரியாமலே போய்விடுகிறது. நம் இசை நூல்களில் இதைவிட முக்கியமான சேகரம் குறைவு என்பது என் தீர்மானமான கருத்து.

மிருதங்கத்துக்கு இரண்டு நூல்களைச் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். ஒன்று லலிதாராம் எழுதிய 'துருவ நட்சத்திரம்'. இடக்கையால் வாசித்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்க்கை, புதுக்கோட்டை வழியின் கதை. மற்றது டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்', 2020இல் ஆங்கிலத்தில் வந்து பிறகு தமிழுக்கும் வந்தது. இது வாசிப்பவரை விட்டுவிட்டு, வாத்தியத்தைச் செய்பவரிடம் போகிறது. பாலக்காடு மணி ஐயர் கேட்ட நாதத்தைத் தோலில் தேடிக் கொடுத்த பர்லாந்து போன்றவர்களின் குடும்பங்கள், மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல், அவற்றைத் தொடுபவர் யார், தொட மறுப்பவர் யார் என்ற கேள்விகள் எல்லாம் இதில் வருகின்றன. ஒரு நூலைப் படித்து மற்றதை விட்டால் பாதி மிருதங்கம்தான் கேட்கும். இரண்டையும் படித்தபின் கச்சேரிக்குப் போனால், பாட்டு தொடங்குமுன் கல்லும் குச்சியும் வைத்துச் சுருதி சேர்க்கிற அந்த இரண்டு நிமிடத்தையும் கவனிப்பீர்கள்.

நாவல்களையும் இந்தத் தட்டில் வைக்கத் தயங்க வேண்டாம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் ரங்கண்ணா வருகிற பகுதிகள், ஒரு குரு சீடனுக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதை எந்தப் பாடநூலையும்விட நன்றாகக் காட்டுகின்றன. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பா'ளை, கோபுலுவின் சித்திரங்கள் உள்ள பதிப்பாகத் தேடிப் பிடியுங்கள். 1968இல் வந்த படத்தில் சிவாஜி கணேசனுக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாவலைப் படித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படத்தின் நாதஸ்வரத்தை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பெரிய நூல்களுக்கு வரலாம். மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் ஒரே கேள்வியை மூன்று வழியில் துரத்துகின்றன: நாம் பாடுகிற இந்த இசை எங்கிருந்து வந்தது, அதை எப்படிக் காப்பது?

சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை, ஸ்வரங்களை அசைக்கும் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் போட்டு, வீட்டுச் சொத்தாக இருந்ததை ஊர்ச் சொத்தாக்கிய நூல். சென்னை மியூசிக் அகாடமி தமிழில் பல பகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. பாடத் தெரியாதவர் முழுதும் படிக்க முடியாது. ஆனால் உங்களுக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைய பாடகர் ஒருவரின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். காகிதத்தில் உள்ளதும் காதில் விழுவதும் எங்கே பிரிகின்றன என்று பென்சிலால் குறியுங்கள். ஸ்வரம் எழுதப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆபிரகாம் பண்டிதர் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் புகழும் பொருளும் ஈட்டினார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, சொந்தச் செலவில் மாநாடுகள் கூட்டி வித்துவான்களை வரவழைத்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குத் தம் பெண்களை அழைத்துப் போய், தம் கணக்கைப் பாடியும் வீணையில் வாசித்தும் காட்டச் செய்தார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்பதை மறுத்து, சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் கொண்டு 24 என்று நிறுவ முயன்றார். 1917இல் வந்த 'கருணாமிர்த சாகரம்' அந்த வாதத்தின் ஆவணம். முதல் வாசிப்பில் பட்டியல்களைத் தாண்டுங்கள். அவர் மற்றவர்களின் கணக்கை மறுக்கும் இடங்களை மட்டும் படியுங்கள். முடிவோடு உடன்பட வேண்டும் என்றில்லை. அந்த உழைப்பின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பாடம்.

மூன்றாவது, விபுலாநந்தரின் 'யாழ் நூல்'. மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்தவர், அறிவியல் பட்டதாரி, துறவி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். தமிழ்நாட்டில் யாரும் பார்த்திராத ஒரு வாத்தியத்தை, செய்யுளிலும் உரையிலும் மிஞ்சிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, நரம்பின் நீளங்களைக் கணக்கிட்டு மறுபடி எழுப்பப் பார்த்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை அரங்கேற்றியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். எத்தனையோ வருட வேலை கையில் வந்து சேர்ந்து சில வாரம்தான் அவர் இருந்தார் என்பதை நினைக்காமல் என்னால் இந்த நூலைத் திறக்க முடிவதில்லை.

சொல் தெரியாமல் தடுக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வீ.ப.கா. சுந்தரத்தின் 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்', நா. மம்மதுவின் 'தமிழிசைப் பேரகராதி' இரண்டும் போதும். இவை வாங்க வேண்டியவை அல்ல. நூலகத்தில் போய்ப் புரட்ட வேண்டியவை.

நாட்டியம்

நாட்டியம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் வாங்குவது முத்திரைப் படங்கள் உள்ள கைப்புத்தகம். ஒற்றைக் கை முத்திரை 28 என்று எண்ணிக் காட்டலாம், பரீட்சைக்கு உதவும். ஆட்டம் அதில் இல்லை. அதை வாங்கியிருந்தால் இருக்கட்டும். ஆனால் படிக்க, பாலசரஸ்வதியும் வி. ராகவனும் சேர்ந்து எழுதிய 'பரதநாட்டியம்' என்ற தமிழ் நூலைத் தேடுங்கள். ஆடுபவரும் வடமொழி அறிஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய நூல்கள் நமக்கு அதிகம் இல்லை. அலாரிப்பிலிருந்து தில்லானா வரையிலான வரிசை ஏன் அப்படி அமைந்தது என்பதில் பாலசரஸ்வதிக்கு அசையாத கருத்து இருந்தது. 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமை உரை ஆற்றியபோது, அந்த வரிசையைக் கோபுரத்தைக் கடந்து கர்ப்பக்கிருகம் வரை கோயிலுக்குள் நடந்து போவதற்கு ஒப்பிட்டார். அதைப் படித்த பிறகு, வர்ணத்தை முதலில் வைத்து அலாரிப்பைத் தள்ளிப்போடும் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது எனக்குச் செருப்போடு உள்ளே நுழைந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

அவர் வாழ்க்கைக்கு டக்ளஸ் நைட் எழுதிய வரலாறு இருக்கிறது. ஆங்கிலத்தில் 2010இல் வந்தது, க்ரியா தமிழில் வெளியிட்டது. நைட் பாலசரஸ்வதியின் மருமகன், மிருதங்கம் கற்றவர். பாலசரஸ்வதியின் பாட்டி வீணை தனம்மாளின் வீட்டுக்குள் இருந்து பார்க்கிற பார்வை அதில் உண்டு. படித்து முடித்ததும் சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தைப் பாருங்கள். கடற்கரையில் காற்று புடவையை இழுக்க, அவர் ஆடுகிற காட்சி அதில் இருக்கிறது. புத்தகத்தில் நூறு பக்கம் படித்தது அந்தச் சில நிமிடங்களில் கண்ணுக்கு முன் வந்து நிற்கும்.

ஒரு வீட்டின் கதையோடு நின்றுவிடக் கூடாது. பி.எம். சுந்தரத்தின் 'மரபு தந்த மாணிக்கங்கள்' சதிர் என்ற பழைய பெயரில் இந்த ஆட்டத்தை ஆடிய பெண்கள் பலரின் வாழ்க்கைக் குறிப்புகளைச் சேர்த்துத் தருகிறது. 'மரபு வழி பரதப் பேராசான்கள்' நட்டுவனார்களைப் பற்றியது. முதல் நூலில் உள்ள பெயர்களை மெதுவாக, வாய்விட்டுப் படியுங்கள். ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட எத்தனையோ பெண்கள். அவர்களில் பலரை இன்று யாருக்கும் தெரியாது.

இந்த நூல்களின் எதிரே மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலையும் வையுங்கள். 1936இல் வந்தது. பெண்களைக் கோயிலுக்கென்று பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தில் தானே அகப்பட்டு வெளியேறியவர் எழுதியது. முத்துலட்சுமி ரெட்டி ஒரு பக்கமும் இ. கிருஷ்ணய்யர் மறுபக்கமும் நின்று, சதிரை ஒழிப்பதா காப்பதா என்று 1932இல் பத்திரிகைகளில் வாதாடியது, 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கியது, 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது ஆகிய எல்லாம் ஒரே தலைமுறைக்குள் நடந்தவை. கலை உயர்ந்தது, அதை வைத்திருந்தவர்கள் மேடையிலிருந்து இறங்கினார்கள். கலையின் அழகை மட்டும் சொல்லும் நூலும், வழக்கத்தின் கொடுமையை மட்டும் சொல்லும் நூலும் தனித்தனியாக நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டையும் ஒரே மாதத்தில் படியுங்கள்.

பழைய நூல் வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடியார்க்குநல்லார் உரையோடு படிக்கலாம். சாமிநாதையர் 1892இல் பதிப்பித்தது. ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று பன்னிரண்டில் மேடை ஏறும் மாதவி, ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உள்ள அரங்கு, மூன்று வகைத் திரைகள், ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் தண்ணுமையோனுக்கும் குழலோனுக்கும் தனித்தனியே வகுத்த தகுதிகள் எல்லாம் அங்கே உண்டு. உரையில் அளவுகள் வருகிற இடத்தில் ஒரு தாளில் அரங்கை வரைந்து பாருங்கள். பாடம் தானாக மனதில் தங்கும். ஒரு எச்சரிக்கை: 'கூத்த நூல்' என்ற பெயரில் சாத்தனாருடையதாக அச்சாகியிருக்கும் நூல் உண்மையில் பழையதா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. அதை ஆதாரமாக வைத்து எழுதப்பட்ட நாட்டியப் புத்தகங்களை நிதானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாடகத்தின் வழியாகச் சினிமாவுக்கு

தமிழ் சினிமாவைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர் நாடகக்காரர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது நல்லது. நம் ஆரம்பகாலப் பேசும் படங்களின் நடிகர்களும் பாட்டுகளும் கதைகளும் கொட்டகை நாடகத்திலிருந்து வந்தவை. தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இந்த அத்தியாயத்தில் நான் சொல்கிற எல்லாப் புத்தகங்களிலும் மிகச் சுவையானது. 1918இல், ஆறு வயதுச் சிறுவனாக, சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் சேர்கிறார். பாய்ஸ் கம்பெனிச் சாப்பாடு, அடி, பயணம், ஊர் ஊராகக் கொட்டகை, பாடம் தவறினால் சுவாமிகளின் கோபம் எல்லாம் வருகிறது. சண்முகத்துக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியும் இதில்தான் இருக்கிறது. முழு நாடகம், பாட்டும் வசனமுமாக, ஒரு இரவில். மின்விசிறியில்லாத அந்த அறையை என்னால் பார்க்க முடிகிறது.

பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' இதற்கு நேர் மறுபக்கம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாலை நேரத்தில் ஒத்திகை பார்த்த சுகுண விலாச சபையின் கதை, 1891இல் தொடங்கியது. இதில் பெயர்ப் பட்டியல்கள் கொஞ்சம் அதிகம், அந்த இடங்களை வேகமாகத் தாண்டலாம். தெருக்கூத்தைப் பற்றி ஒன்றே ஒன்று படிப்பதானால் ந. முத்துசாமியின் 'அன்று பூட்டிய வண்டி'. நகரத்து எழுத்தாளர் ஒருவர் கூத்தின் முன்னால் விடிய விடிய உட்கார்ந்து, தான் நாடகம் என்று நினைத்திருந்ததை மாற்றிக்கொண்ட பதிவு அது. ஆய்வு நோக்கில் போக விரும்பினால் கா. சிவத்தம்பியின் 'பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்'.

சினிமாவில் சு. தியடோர் பாஸ்கரனின் 'எம் தமிழர் செய்த படம்' முதல். மௌனப் படக் காலத்துத் தென்னிந்தியப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்றவை அழிந்துவிட்டன. நாம் பார்க்கவே முடியாத படங்களைப் பற்றி விளம்பரம், தணிக்கைக் குறிப்பு, பத்திரிகைச் செய்தி ஆகியவற்றிலிருந்து எழுத வேண்டிய நிலை. அதைத் துறை வல்லுநராக அல்லாமல், படம் பார்க்கப் பிடித்த மனிதராக எழுதுகிறார் என்பதே அவருடைய பலம். அவருடைய விரிவான நூல் 'பாம்பின் கண்' தமிழிலும் உண்டு. அறந்தை நாராயணனின் 'தமிழ் சினிமாவின் கதை' கொஞ்சம் பழையது என்றாலும் அரசியல் பின்னணிக்காகப் படிக்கலாம். எம்.ஜி.ஆர் என்னும் பிம்பத்தை ஆராயும் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் 1992இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் 'பிம்பச் சிறை'. உங்கள் வீட்டுப் பெரியவர் எம்.ஜி.ஆர் ரசிகரானால், படித்துவிட்டு அவரோடு பேசிப் பாருங்கள். அந்த உரையாடல் புத்தகத்தில் இல்லாத பலவற்றைக் கொண்டு வரும்.

படைப்பாளியின் பக்கத்திலிருந்து ஜெயகாந்தனின் 'ஒரு இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்'. 1965இல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை எடுத்தவர், தொழில்துறைக்கு வெளியே நின்று படம் எடுப்பதன் விலையைக் கூச்சமில்லாமல் சொல்கிறார். படம் பார்க்கப் பழக அம்ஷன் குமாரின் 'சினிமா ரசனை'. ஆங்கிலம் படிக்க முடிந்தால் சத்யஜித் ராயின் 'அவர் ஃபிலிம்ஸ், தேர் ஃபிலிம்ஸ்'. 1976இல் வந்த கட்டுரைத் தொகுப்பு, தெளிவான சிறு வாக்கியங்கள். சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' இளைஞர்கள் முதலில் கேட்பது. நல்ல நூல்தான், ஆனால் கடைசியாகப் படியுங்கள். பத்துப் படங்களைக் கூர்ந்து பார்க்காதவருக்கு அதில் சொல்லப்படும் சூத்திரங்கள் சூத்திரங்களாகவே நின்றுவிடும்.

கல்லும் வண்ணமும்

ஓவிய, சிற்ப நூல்களில் படம் சரியில்லை என்றால் எழுத்தால் பயனில்லை. மங்கிய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் சோழர் செப்புத் திருமேனி கரிக்கட்டையாகத் தெரியும். அதனால்தான் 'சில்பி'யின் கோட்டோவியங்களில் தொடங்கச் சொல்கிறேன். அவர் ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலையின் முன் உட்கார்ந்து வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' இப்போது நூலாகக் கிடைக்கிறது, எழுத்து தேவனுடையது. ஒட்டியாணத்தின் ஒரு மணியைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார். கையில் பென்சிலோடு ஒரு சிலையின் முன் நின்றால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அந்தக் கோடுகள் கற்றுத்தருகின்றன. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த நூலைப் பூட்டி வைக்காதீர்கள்.

வழிப்பயணத்துக்குத் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானின் 'வேங்கடம் முதல் குமரி வரை'. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் அமையக் காரணமாக இருந்தவர். கதை சொல்லியபடியே சிற்பத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துவார். தலபுராணத்தை வரலாறுபோல் சொல்லிச் செல்லும் இடங்களும் உண்டு, அங்கே நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகுமுன் குடவாயில் பாலசுப்ரமணியனின் 'இராஜராஜேச்சரம்'. கருவறையைச் சுற்றிய இருட்டு அறைகளில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. மேல்தளத்தில் 108 நாட்டியக் கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டு, மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. நாட்டியப் பகுதியில் சொன்ன நூல்களும் சிற்ப நூல்களும் சந்திக்கும் இடம் அந்தக் கற்கள்.

பொதுவான அறிமுகத்துக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்'; 1956இல் வந்தது, கட்டடம் முதல் கூத்து வரை ஒரே நூலில், பூச்சு இல்லாத தமிழில். தொழில் அளவுகள் தெரிய வேண்டுமென்றால் வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்', ஆனால் அதை உளிபிடிக்கிற ஒருவரோடு சேர்ந்து படித்தால்தான் முழுப் பயன். ஆனந்த குமாரசாமி 1918இல் வெளியிட்ட 'தி டான்ஸ் ஆஃப் சிவா' கட்டுரைகளை உலகமே படித்தது. கொழும்பில் பிறந்த அந்த அறிஞரை நாம்தான் குறைவாகப் படித்திருக்கிறோம்.

நவீன ஓவியத்தில் நம் மொழியில் நூல்கள் குறைவு. சி. மோகனின் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' நாவல், சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973இல் இளம் வயதில் மறைந்த ஓவியர் கே. ராமானுஜத்தின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. அதைப் படித்தவர் ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில், 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் உருவாக்கிய அந்தக் கலைஞர் கிராமத்துக்குப் போய் வர வேண்டும்.

எங்கே கிடைக்கும்

புத்தகக் கடையில் ஒரு கலைநூலைக் கையில் எடுத்தால் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு குறிப்பிட்ட இரவு, ஒரு குறிப்பிட்ட கருவி, ஒரு குறிப்பிட்ட ஆள் அந்தப் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம். ஐயாயிரம் ஆண்டுப் பெருமை மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். பதிப்பாண்டையும் பாருங்கள், முதல் பதிப்பின் ஆண்டைச் சொல்லாத மறுபதிப்பு, உங்களைக் காலம் தெரியாமல் தடுமாற வைக்கும்.

பெரும்பாலான பழைய நூல்களுக்குக் காசு வேண்டாம். சண்முகம், சம்பந்த முதலியார், மயிலை சீனி. வேங்கடசாமி, தொண்டைமான் ஆகியோரின் நூல்கள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் விக்கிமூலத்திலும் தேடுங்கள். இலங்கை நூல்களுக்கு நூலகம் தளம். ஆனால் படங்களும் ஸ்வரக் குறியீடும் உள்ள நூல்களைக் கைபேசியில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றுக்குக் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றுக்கு நேரில் போங்கள்.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களும் நோட்டீசுகளும் அதன் அடித்தளம். அங்கே போனால் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொட்டகை வாசலில் விற்ற, சாணித்தாளில் அச்சடித்த சிறு புத்தகங்கள். பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கதாநாயகி ஆபத்தில் சிக்கும் இடம்வரை சொல்லிவிட்டு, மீதி வெள்ளித்திரையில் என்று முடித்துவிடுவார்கள். அந்தப் படங்களில் பலவற்றுக்கு இன்று திரையும் இல்லை, சுருளும் இல்லை. அந்தச் சின்னப் புத்தகம் மட்டும் இருக்கிறது.